உள்நோக்கம் சுத்தமாகும்வரை உதவியை நிறுத்தி வைக்க வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் முதிய பெண்மணி ஒருவருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறார். வாரத்தில் நான்கு நாட்கள் காலையில் போய் அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, விரிப்பை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறேன். சென்ற மாதம் என் தம்பி மகன், "அத்தை, பரலோகத்தில் இடம் பிடிக்கத்தானே இதெல்லாம்? கடவுள் இல்லை என்று நாளைக்கே தெரிந்துவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் போவீர்களா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவருக்கு முதுகு தேய்க்கும்போதுகூட என் மனதையே நான் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய மகள் தொலைபேசியில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை என்று தெரிந்தபோது வருத்தப்பட்டேன். அப்படியானால் நான் புகழுக்குத்தான் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. சபைத் தோழி ஒருவரோ, "இத்தனை நாள் போகிறீர்களே, சுவிசேஷம் சொன்னீர்களா?" என்று கேட்கிறார். அடுத்த மாதம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இந்த ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி போதகர் அழைத்திருக்கிறார். பலனை எதிர்பார்த்து உதவுவது பாவமா? என் நோக்கம் சரியாகும்வரை போவதை நிறுத்தி வைக்கட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். மற்ற கேள்விகளை நாம் நிதானமாகப் பேசலாம்; இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் காத்திருக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் உங்கள் மனதைச் சோதித்து முடிக்கும்வரை அவருடைய படுக்கை விரிப்பு மாற்றப்படாமல் இருக்கும், மாத்திரை வேளை தவறும், ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் முதுகில் புண் வரும். உங்கள் ஆத்துமாவின் சுத்தத்துக்கான செலவை அவருடைய உடம்பு கட்ட வேண்டியிருக்கும். சுயநலத்துக்கு அஞ்சி எடுக்கும் முடிவு அதைவிடப் பெரிய சுயநலத்தில் போய் முடிவது நல்லவர்களுக்கு அடிக்கடி நேரும் ஆபத்து என்பதை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் என் பணியில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பி மகனின் கேள்வி நேர்மையான கேள்வி. அதற்காக அவர்மேல் வருத்தம் கொள்ளாதீர்கள். ஆனால் அந்தக் கேள்வி, ஒரு செயலுக்குப் பின்னால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்றும், அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை வேஷம் என்று ஆகிவிடும் என்றும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறது. மனித மனம் அப்படி இயங்குவதில்லை. ஒரே காலைப் பொழுதில் நீங்கள் அந்தப் பெண்மணியின் மீதுள்ள இரக்கத்தாலும், பழக்கத்தாலும், போகாவிட்டால் வரும் உறுத்தலாலும், தேவன் பார்க்கிறார் என்ற நம்பிக்கையாலும், ஓய்வுபெற்ற பின் நம்மால் இன்னும் பயன் உண்டு என்ற ஆறுதலாலும் அந்த வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இவற்றில் எது உண்மை என்று கேட்டால் எல்லாமே உண்மை என்பதுதான் விடை.

உளவியலாளர்களும் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் பாட்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதைப் பங்கேற்பாளர்கள் திரையில் பார்க்கும்படி செய்தார்கள். உண்மையில் அது முன்பே பதிவு செய்யப்பட்ட நடிப்பு. பார்ப்பவர் விரும்பினால் அவளுடைய இடத்தைத் தாம் ஏற்றுக்கொள்ளலாம். சிலருக்கோ, மேற்கொண்டு பார்க்காமல் எழுந்து போய்விடும் வசதியும் தரப்பட்டது. தன் மனக்கஷ்டத்தைத் தணித்துக்கொள்வது மட்டுமே நோக்கமானால் எழுந்து போவது எளிது. ஆனால் அவள்மீது உண்மையான இரக்கம் எழுந்தவர்களில் பெரும்பாலோர், தப்பிக்க வழி திறந்திருந்தபோதும் அவளுடைய அதிர்ச்சிகளைத் தாங்கள் வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். இந்த முடிவை மறுத்து வேறு விளக்கம் தந்தவர்கள் உண்டு. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, கொடுப்பவருக்குக் கிடைக்கும் மனநிறைவும் கொடுப்பதற்கு ஒரு காரணம் என்று 1990-இல் விரிவாக எழுதினார். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் 'எல்லா உதவியும் மாறுவேடம் போட்ட சுயநலமே' என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு நம்மைப் போன்ற விசுவாசிகளுக்கு நேரடியாகவே பாடம் சொல்கிறது. 1973-இல் ஜான் டார்லியும் அதே பாட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை, ஒரு சிறு உரை நிகழ்த்துவதற்காகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உரைப்பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒருவர் வாசலோரமாகக் குனிந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் நிறுத்திய ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைவு குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. எந்த நோக்கத்துக்காக ஒருவர் மதப்பற்று உள்ளவராக இருக்கிறார் என்பதும் அவர் நிற்பாரா என்பதைத் தீர்மானிக்கவில்லை. இதைப் படித்து விசுவாசத்தால் பயன் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம். வாசலில் இருப்பவரை ஏறிட்டுப் பார்க்க நேரம் வைத்துக்கொள்வது, மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று ஆராய்வதைவிட மிக முக்கியம் என்பதையே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நான்கு காலைகளையும் வேறு அவசரங்கள் அரித்துவிடாமல் காப்பாற்றுங்கள்.

இனி, பலனை எதிர்பார்ப்பது பாவமா என்ற கேள்விக்கு வருவோம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், மனிதர் காணவேண்டும் என்று தர்மம் செய்யாதே என்று எச்சரிக்கும் அதே இடத்தில், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலனளிப்பார் என்றும் இயேசு சொல்கிறார். பலன் என்ற பேச்சே கூடாது என்று அவர் நினைத்திருந்தால் அதை அங்கே சொல்லியிருக்கத் தேவையில்லை. கடமையுணர்வால் மட்டுமே செய்யப்படும் செயலுக்குத்தான் அறமதிப்பு உண்டு என்பது ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வாதிட்ட நிலைப்பாடு. உங்கள் தம்பி மகன் அறிந்தோ அறியாமலோ அந்த அளவுகோலைத்தான் உங்கள்மேல் வைத்துப் பார்க்கிறார். சுவிசேஷம் அங்கிருந்து தொடங்குவதில்லை. திரும்பச் செய்ய வசதியில்லாதவர்களை விருந்துக்கு அழை, நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும் என்று லூக்கா 14-இல் வரும் வாக்கு, கைம்மாறு இன்றே இங்கேயே கிடைக்க வேண்டும் என்ற கணக்கை நம் கையிலிருந்து வாங்கித் தேவனுடைய கையில் வைக்கிறது. அந்தக் கணக்கு நம் கையில் இல்லாததால்தான், திருப்பித் தர எதுவுமில்லாத ஒருவரோடு நாம் நிம்மதியாக உட்கார முடிகிறது.

ஆனாலும் உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. பலனைக் குறித்த ஆசையால் வரும் கேடு வேறொரு இடத்தில் இருக்கிறது: உதவி பெறுகிறவர் மெல்ல மெல்ல நம் கண்ணிலிருந்து மறைந்து, நம் பரலோகத்துக்கு ஒரு படிக்கட்டாக மாறிவிடுவார். திருச்சபை வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் செல்வந்தர்கள் கட்டிய தர்ம விடுதிகள் பலவற்றில், அங்கே தங்கும் ஏழைகள் நாள்தோறும் நிறுவனரின் ஆத்துமாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது விதியாகவே இருந்தது. ஏழைக்குக் கூரையும் உணவும் கிடைத்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் அவர் ஜெபிக்கும் ஒரு கருவியாகவும் இருந்தார். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-இல் கிறிஸ்தவனுடைய சுதந்தரத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. விசுவாசிக்கு வேண்டிய அனைத்தும் கிருபையால் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதால், தன் நற்கிரியைகளைக் கொண்டு இனிமேல் தனக்கென்று எதையும் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. ஆகவே அந்தக் கிரியைகள் முழுவதும் அயலானுக்கே போகலாம் என்பது அவருடைய வாதம். கத்தோலிக்கத் திருச்சபை இதை வேறுவிதமாகச் சொல்லும்; நற்செயல்களுக்குப் புண்ணியப்பலன் உண்டு என்று 1547-இல் அதன் ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கம் அறிவித்தது. ஆனால் அந்தப் பலனும் தேவனுடைய கொடையே என்று அதே சங்கம் சேர்த்துச் சொன்னது. இரு தரப்புக்கும் மூத்தவரான பழங்காலத் திருச்சபை ஆசான் அகுஸ்தீன், தேவன் நம் புண்ணியங்களுக்கு முடிசூட்டும்போது தம்முடைய சொந்த வரங்களுக்கே முடிசூட்டுகிறார் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். எந்த வழியில் பார்த்தாலும் அந்தப் பெண்மணியின் முதுகைத் தேய்ப்பதைக் கொண்டு நீங்கள் பரலோகத்துக்குத் தவணை கட்டவில்லை.

மத்தேயு 25-இல் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சியை இந்த வெளிச்சத்தில் மறுபடி வாசித்துப் பாருங்கள். ராஜாவின் வலதுபக்கத்தில் நிற்பவர்கள், "ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று திகைக்கிறார்கள். இடம் பிடிப்பதற்காகச் செய்தவர்களாக இருந்தால் பட்டியலோடு வந்திருப்பார்கள். பசித்தவரைப் பார்த்தபோது அவர்கள் பசித்தவரைத்தான் பார்த்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நோயாளியில் இயேசுவைக் காண வேண்டும் என்று நாமே நம்மைப் பழக்கும்போது, அந்த நோயாளிக்கு என்று ஒரு பெயரும் பிடிவாதமும் விருப்பு வெறுப்பும் இருப்பதை மறந்துவிடக் கூடும். மருத்துவமனை வார்டு ஒன்றில் இரண்டு பேரை அடுத்தடுத்துக் கவனித்தேன். ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று உருக்கமாக ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பின்னால் வந்தவர், தண்ணீர்த் தம்ளர் நோயாளியின் செயலிழந்த கைப் பக்கம் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அதை மறுபக்கம் நகர்த்தி வைத்தார், கைக்கு எட்டுகிறதா என்று அவரையே நீட்டிப் பார்க்கச் சொன்னார், அதன் பிறகு ஜெபிக்கலாமா என்று கேட்டார். முன்னவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் அந்த நோயாளியைப் பார்க்கவில்லை.

ஆகவே உங்கள் நோக்கத்தைச் சோதிக்கத்தான் வேண்டும் என்றால், உள்ளே தோண்டுவதைவிட வெளியே பார்ப்பது நல்லது. எரேமியா சொன்னதுபோல இருதயம் திருக்குள்ளது. அதன் அடிவரை போய்த் திரும்பியவர் யாருமில்லை. ஆனால் சில காரியங்களைக் கண்ணால் பார்க்க முடியும். இன்று குளிக்க வேண்டாம் என்று அவர் சொன்னால், உங்கள் முகம் மாறாமல் அதை ஏற்றுக்கொள்ள முடிகிறதா? தலையை எந்தப் பக்கம் வகிடு எடுத்து வாருவது அவருக்குப் பிடிக்கும் என்பது தெரியுமா, அல்லது உங்களுக்கு வசதியான பக்கம் வாருகிறீர்களா? பயிற்சி பெற்ற தாதி ஒருவர் கிடைத்து, இனி வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்று சொல்லப்பட்டால், அவருக்காக நிம்மதி அடைவீர்களா, உங்கள் இடம் பறிபோனதாகக் கலங்குவீர்களா? கடைசிக் கேள்வி கடினமானது. கொஞ்சம் கலக்கம் யாருக்கும் வரும். நிம்மதியும் கூடவே வந்தால் போதும்.

மகள் விசாரிக்காததால் வருந்தியதைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. குணமடைந்த பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தபோது, "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசுவே கேட்டார். நன்றி வராததைக் கவனிப்பது பாவமானால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. உங்களுக்கு வலித்தது, மறுநாள் காலையும் போனீர்கள்; அதற்குமேல் அதில் குற்றம் தேடாதீர்கள். தொலைவில் இருக்கும் மகளின் மௌனத்துக்குக் குற்றவுணர்வு, வெட்கம், பயம் என்று பல காரணங்கள் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் தோழியின் கேள்விக்கு நான் சற்றுக் கண்டிப்பாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுந்து நடக்க முடியாத ஒருவர், தன்னைக் குளிப்பாட்டுகிறவர் பேசும்போது அந்த அறையைவிட்டு வெளியேற முடியாது. 'வேண்டாம்' என்று சொன்னால் நாளைக்கு இவர் வராமல் போய்விடுவாரோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்த நிலையில் அவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேரிடர்க் காலங்களில் உதவும் அமைப்புகளுக்காகச் செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகளில், குறிப்பிட்ட ஓர் அரசியல் அல்லது மதக் கருத்தை வளர்ப்பதற்காக உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒரு விதி. அவற்றை வகுத்தவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. அவை தங்கள் விசுவாசத்தை விட்டுக்கொடுத்து அதில் சேரவில்லை. உங்களுக்குள் இருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதும்போது, அங்கே முதலில் பேசுகிறவர் கேள்வி கேட்கிறவர்தான். அந்தப் பெண்மணி ஒருநாள் தானாகக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்காமலே அவர் காலம் முடிந்தாலும் நீங்கள் செய்தது முழுமையான காரியம். குஷ்டரோகிகளைச் சுகப்படுத்துமுன் இயேசு எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை.

கடவுள் இல்லை என்று தெரிந்தால் போவீர்களா என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் இருக்கிறது: ஒருவேளை போவீர்கள். இரக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சொத்து என்று நம் வேதமே சொல்லவில்லை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியவன், யூதர்களின் பார்வையில் தவறான இடத்தில் தவறான விதத்தில் தொழுதுகொண்ட ஒரு சமாரியன்; ஆலயப் பணி செய்தவர்களான ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். உங்கள் விசுவாசம் உங்களுக்குச் செய்திருப்பது வேறொன்று: அழைத்தது, பழக்கியது, சலித்துப்போன காலைகளிலும் போக வைத்தது, தோற்றுப்போன நாட்களில் மன்னித்தது. இரக்கம் மட்டும் இருந்து இவை இல்லாவிட்டால் எத்தனை மாதம் தொடர்ந்திருக்கும் என்பதை உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. தம்பி மகனிடம் இதை இப்படியே சொல்லலாம். முடிந்தால் ஒரு காலைப் பொழுதில் அவரையும் கூட்டிப்போங்கள். விரிப்பை மாற்றும்போது நோயாளியைப் புரட்டிப் பிடிக்க இன்னொருவர் இருப்பது நல்லது. அவர் என்ன நோக்கத்தோடு வருகிறார் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

ஓர் ஆலோசகராக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'இது சுத்தமான எண்ணமா, இல்லையா' என்ற சோதனை நாளில் பல மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டாலோ, தூக்கத்தைக் கெடுத்தாலோ, ஒரே பாவ அறிக்கையைத் திரும்பத் திரும்பச் செய்தும் மனம் ஆறாமல் போனாலோ, அது பக்தியின் ஆழம் அல்ல. கட்டுப்படுத்த முடியாத எண்ணச் சுழற்சியாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த அளவுக்குப் போகவில்லை என்றால், "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்ற யோவானின் வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்புதான் அவர், சொல்லினாலும் நாவினாலும் அல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம் என்று எழுதுகிறார். செயலைச் செய்துகொண்டிருப்பவர்களின் உறுத்தலுக்குத்தான் அந்த ஆறுதல் எழுதப்பட்டது.

கடைசியாக, சாட்சி சொல்லும் அழைப்பு. மனிதர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றும் ஒரே மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது; எந்த நேரத்தில் எது பொருந்தும் என்பதை நாம்தான் பகுத்தறிய வேண்டும். இந்தக் காரியத்தில் அதைப் பகுத்தறிய உங்கள் மனதை ஆராய வேண்டியதே இல்லை. அந்தப் பெண்மணியின் உடல்நிலையும், தனிமையும், மகள் அருகில் இல்லாததும் அவருடைய சொந்த விஷயங்கள். ஒரே தெருவில் இருப்பதால் பெயரைச் சொல்லாவிட்டாலும் கூட்டத்தில் இருப்பவர்கள் யார் என்று கண்டுகொள்வார்கள். எனவே அடுத்த முறை போகும்போது, இப்படி ஒரு கூட்டத்தில் பேசக் கேட்கிறார்கள், உங்களைப் பற்றிச் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். மறுத்தால் வருத்தப்பட மாட்டேன், வழக்கம்போல் வருவேன் என்பதையும் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றாலோ, தயங்கினாலோ, போதகரிடம் காரணம் விளக்காமல் இந்த முறை இயலாது என்று சொல்லிவிடுங்கள். சரி என்றால், எதையெல்லாம் சொல்லலாம் என்று அவர் அனுமதிக்கிறாரோ அதை மட்டும் பேசுங்கள்.